சுத்தம் செய்த முடுக்கு பத்தே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி: திருநெல்வேலி டவுனில், ரத வீதி ஒன்றிலிருந்து பிரியும் முடுக்குச் சந்தில் குடியிருக்கிறோம். ஆறடி அகலம், ஏறத்தாழ 150 அடி நீளம். மொத்தம் 14 வீடுகள். ஆறு வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள், மூன்று வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். ஒரு பக்கமாகத் திறந்த வாறுகால் (சாக்கடை) ஓடுகிறது. முடுக்கின் கடைசியில் ஆளில்லாத பழைய வளவு (வீட்டு வளாகம்) ஒன்றின் சுவர் நிற்கிறது. எல்லாக் குப்பையும் அந்தச் சுவரடியில்தான் சேர்கிறது. முடுக்கு வாயிலில் வழிப்போக்கர்கள் சிறுநீர் கழிக்கிறார்கள். 2023 டிசம்பர் மழையில் முழங்காலளவு தண்ணீர் இரண்டு நாள் வடியாமல் நின்றது. நாங்கள் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து இரண்டு முறை சுத்தம் செய்தோம். பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. செடி வைக்கலாம் என்றால், முதல் வீட்டுப் பெரியவர் பாம்பு வரும் என்கிறார். சிலர் இது மாநகராட்சியின் வேலை என்கிறார்கள். வேறு சிலர் வாயிலில் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறார்கள். அண்ணாச்சி, நாங்கள் எங்கே தொடங்க வேண்டும்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது என்ற வரியில் உங்கள் சோர்வு தெரிகிறது. ஆனால் சுகாதார ஆய்வாளராகத் தென் மாவட்டங்களின் முடுக்குகளிலும் சந்துகளிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவன் என்ற முறையில், உங்கள் கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள செய்தி அந்த வரிதான் என்று சொல்வேன். அந்தக் குப்பை ஒரே இரவில் வந்து விழவில்லை. நாள்தோறும் கொஞ்சமாக, ஏறத்தாழ ஒரே நேரத்தில், சில கைகளிலிருந்து மட்டும், ஒவ்வொரு கைக்கும் ஒரு காரணத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் காரணங்கள் அப்படியே இருக்கும்வரை நீங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வாரியலைக் கையில் எடுத்தாலும் பலன் பத்து நாளைத் தாண்டாது. ஆகவே மூன்றாவது முறை பெருக்குவதற்கு முன்னால் ஒரு வாரம் எதையும் தொடாமல் கவனியுங்கள். யார் போடுகிறார்கள் என்று பிடிப்பதற்காகக் கவனிக்க வேண்டாம். எந்த நேரத்தில், என்ன வகைக் குப்பை, எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் எழுதாதீர்கள்.

பாளையங்கோட்டைப் பக்கம் இதே போன்ற ஒரு முடுக்கில் இப்படிக் கவனிப்பதற்காக ஒரு நாள் விடியற்காலையில் நின்றிருந்தேன். ஆறு மணிக்கு முன்பே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடும் கையில் கறுப்புப் பையோடும் வந்தார். என்னைக் கண்டதும் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அந்த மறைப்பிலேயே அவருக்கு அது தவறென்று தெரிந்திருந்தது விளங்கிவிட்டது. கண்டிக்காமல் காரணம் கேட்டேன். "வண்டி எட்டு மணிக்குத்தான் வருது அண்ணாச்சி. அந்நேரம் நான் கடையில நிக்கணும். சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குள்ள வச்சா எலி வருது" என்றார். அடுத்த வீட்டு ஆச்சியிடம் பேசினோம். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணின் வாளி ஆச்சியின் திண்ணையோரம் மூடியோடு இருந்தது. வண்டி வரும்போது ஆச்சியே எடுத்துக் கொடுத்தார். இன்னும் இரண்டு வீடுகளுக்கு இதேபோல ஏற்பாடு செய்த பிறகு, அந்தச் சுவரடியில் விழுந்த குப்பை பாதிக்கு மேல் குறைந்தது. அதுவரை ஒரு செடிகூட வைக்கவில்லை, ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

உங்கள் முடுக்கில் ஆறு வாடகை வீடுகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் வண்டி வருவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஊர் மேல் அக்கறை கிடையாது என்று சொந்த வீட்டுக்காரர்கள் சொல்வதை நான் எல்லா ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாக இருந்ததில்லை. வண்டி வரும் நேரத்தை மாற்ற முடியுமா என்றும் உங்கள் பகுதித் தூய்மைப் பணியாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் நேரில் கேட்டுப் பாருங்கள். மாற்ற முடியாமல் போனாலும், திண்ணையோர வாளி ஏற்பாட்டுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலை வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் சாக்குக் கணக்கில் சேரும். உங்கள் சுவரடிக் குவியலில் பருமனில் பெரிய பங்கு அதுவாக இருக்கலாம், அங்கே யாராவது அவ்வப்போது தீ வைக்கிறார்கள் என்றால் அதுவும் அதற்காகவே இருக்கலாம். குப்பையைத் தெருவில் எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன. விதி இல்லாவிட்டாலும், ஆறடி முடுக்கில் எழும் புகை வெளியேற வழியின்றி நேராக வீடுகளுக்குள் புகும். இந்த இலைத்துண்டுகள் காய்ந்த, சுத்தமான சருகுதான். மக்குவதற்கு நாளாகும் என்றாலும், தொட்டிச் செடிகளின் மண்மேல் மூடாக்காகப் பரப்பினால் கோடையில் ஈரத்தைக் காக்கும். ஆகவே அவற்றை ஒரு சாக்கில் தனியாகச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். புகையிலைத் தூள் மட்டும் அதில் கலக்கவே கூடாது. தக்காளி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் தேமல் நோய்க் கிருமி புகையிலை வழியாகப் பரவக்கூடியது. அந்த மூன்று வீட்டுப் பெண்களிடம் "குப்பை போடாதீர்கள்" என்று பேச்சைத் தொடங்காமல், "அந்தச் சருகு எங்களுக்கு வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் இந்த வேலைக்குள் வரும் வாசல் அதுவாகவே இருக்கும்.

அடுத்து, இது மாநகராட்சியின் வேலை என்பவர்களின் பேச்சுக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் முதலில் முடுக்கு யாருடையது என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, நான்குமால் (நான்கு எல்லை) விவரத்தில் முடுக்கை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பொதுப்பாதை என்று இருக்கிறதா, இன்னின்ன வீட்டாருக்குப் பொதுவில் பாத்தியப்பட்ட முடுக்கு என்று இருக்கிறதா என்பது முக்கியமான வேறுபாடு. மாநகராட்சியின் பொதுப்பாதை என்றால் வாறுகால் பராமரிப்பும் தெருவிளக்கும் அவர்கள் பொறுப்பு. எழுத்தில் மனுக் கொடுத்துக் கேட்கலாம். வீட்டார் பொதுவில் வைத்திருக்கும் முடுக்கு என்றால் உள்வேலையை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கும். வெளி வாறுகாலோடு இணைக்கும் இடத்தை மட்டும் அவர்களிடம் கேட்கலாம். இரண்டு நிலையிலும் குப்பையைத் தரம் பிரித்துக் கையில் கொடுப்பது குடியிருப்பவர்களின் கடமை என்றுதான் அந்தத் திடக்கழிவு விதிகள் சொல்கின்றன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என்று தனித்தனியே. அணையாடையும் டயப்பரும் சுற்றித் தனியே தரப்பட வேண்டும். இதைப் பின்பற்றாத முடுக்குக்காரர்கள் மனுவோடு போய் நிற்கும்போது அந்த மனுவுக்குப் பலம் இருக்காது.

கேட் போடும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. பூட்டு போட்டால் அதற்குச் சாவி எத்தனை, யாரிடம் இருக்கும், நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் யார் எழுந்து வருவார் என்ற கேள்விகள் உடனே வரும். தூய்மைப் பணியாளரும் மின் கணக்கு எடுப்பவரும் வெளியிலேயே நின்றுவிடுவார்கள். பொதுப்பாதையாக இருந்தால் அதை அடைக்கும் உரிமையே உங்களுக்குக் கிடையாது. இன்னொன்றும் உண்டு: யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்யும் பூட்டு நம் ஊர்களில் எந்தத் திசையில் வேலை செய்யும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைச் சொல்லும்போது முடுக்குகளின் பழைய கதையைத் தொடாமல் இருக்க முடியவில்லை. நம் நகரங்களின் பழைய பின்சந்துகளில் பல, எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், மலத்தைக் கூடையில் அள்ளிச் சுமக்க வைக்கப்பட்ட மனிதர்கள் வீட்டு முன்வாசல் பக்கம் வராமல் வந்துபோவதற்கென்றே விடப்பட்டவை. அந்த வழக்கத்தை ஒழிக்க முதலில் 1993-லும், பிறகு இன்னும் கடுமையாக 2013-லும் சட்டங்கள் வந்தன. கக்கூஸ்கள் மாறின, ஆனால் அந்தப் பக்கம் யாரோ வந்து அள்ளுவார்கள் என்ற எண்ணம் மட்டும் அடுக்களை ஜன்னலிலேயே தங்கிவிட்டது. முன்வாசலில் கோலம் போட்டு, சாணம் தெளித்து, ஒரு காகிதம்கூடக் கிடக்க விடாத குடும்பம், புறவாசல் வழியாக மீன் கழுவிய தண்ணீரை எந்தத் தயக்கமும் இல்லாமல் வீசுவதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் முடுக்கைச் சரிசெய்யும் வேலையில் இந்தப் பழக்கத்தின் எந்த எச்சமும் தொடரக் கூடாது. வாறுகாலில் ஏதாவது ஒரு வீட்டின் கக்கூஸ் தொட்டி வழிந்து கலக்கிறதென்றால், கூலிக்கு ஆள் பிடித்து இறக்கி எடுக்கச் சொல்லாதீர்கள். அது 2013 சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தத் தொட்டிகளில் தேங்கும் வாயு ஒரு மனிதனைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் லாரியை அழைப்பதும், அந்த வீட்டின் இணைப்பை மாற்றச் சொல்லி மாநகராட்சியில் எழுத்தில் கேட்பதும்தான் வழி. கையுறையும் காலணியும் அணிந்து உங்கள் வீட்டுச் சகதியை நீங்கள் அள்ளுவது வேறு. அதை ஆண்களும் செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் ஐந்து குடும்பத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வாரியல் பிடித்த கைகள் எத்தனை பெண்களுடையவை என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

இப்போது வாறுகால். உங்கள் முடுக்கின் உண்மையான நோய் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எந்த வாறுகாலும் தாங்கக்கூடியது அல்ல. தாமிரபரணியே கரை மீறி ஊருக்குள் வந்த நாள்கள் அவை. ஆனால் ஊரில் வெள்ளம் இறங்கிய பின்னும் உங்கள் முடுக்கில் தண்ணீர் நின்றது என்றால், சரிவு எங்கோ கெட்டிருக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டாம். ஒரு காலை நேரத்தில், எல்லா வீடுகளிலும் அரை மணி நேரம் தண்ணீர் விடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் இரண்டு கை மஞ்சள் தூளைக் கரைத்து, கடைசிச் சுவரடியில் வாறுகாலில் மெதுவாக ஊற்றுங்கள். பிள்ளைகளை வாறுகாலோரம் வீட்டுக்கு ஒருவராக நிறுத்துங்கள். மஞ்சள் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே குட்டையாக நின்றுவிடுகிறது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். இதை நான் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் முடுக்கின் நோய் எல்லோர் கண்முன்னும் மஞ்சளாகத் தேங்கி நிற்கும். அதற்குப் பிறகு யார் மீதும் யாரும் பழி போடுவதில்லை. எல்லோரும் அந்தக் குட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரும்பாலும் நீங்கள் காணப்போவது இவற்றில் ஒன்றாக இருக்கும். யாரோ தம் வீட்டுப் படியை வாறுகாலுக்கு மேல் நீட்டிக் கட்டியிருப்பார்கள். அல்லது முடுக்குத் தளத்தைச் சிமெண்டால் உயர்த்தியவர்கள் வாறுகாலின் அடித்தளத்தை உயர்த்தாமலோ சரிக்காமலோ விட்டிருப்பார்கள். அல்லது ரத வீதியின் பெரிய வாறுகாலோடு சேரும் வாயில் மண் அடைத்திருக்கும். இந்த மூன்றாவதை மாநகராட்சிதான் எடுக்க வேண்டும். முதல் இரண்டுக்குக் கொத்தனார் தேவை. 100 அடிக்கு அரை அடியாவது சரிவு இருக்கும்படியும், அடித்தளம் தட்டையாக இல்லாமல் பாதிக் குழாய் போல வளைவாக இருக்கும்படியும் பூசச் சொல்லுங்கள். தட்டை அடித்தளத்தில் கொஞ்சமாக வரும் தண்ணீர் பரந்து நின்று சகதியைப் படியவிடும். வளைந்த அடித்தளத்தில் அதே தண்ணீர் ஒடுங்கி ஓடிச் சகதியை இழுத்துச் செல்லும். ஒவ்வொரு வீட்டு அங்கணத்து (பாத்திரம் கழுவும் இடத்து) துவாரத்திலும் ஒரு கம்பி வலைத் துண்டு வைக்கச் செய்யுங்கள். சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் அதிலேயே நின்றுவிட்டால் வாறுகாலுக்குப் பாதி வேலை குறையும். அள்ளிய சகதியை வாறுகால் ஓரத்திலேயே குவித்து வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே திரும்பிவிடும் என்பதால், அள்ளுவதற்கு முன்பே அதைக் கொண்டுபோக ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பின்சந்துகள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு வடிகால் இணைப்பே கிடையாது; மழைநீர் வீடுகளின் நிலவறைக்குள் புகுந்தது. 2006-இல் அந்நகரம் தொடங்கிய பசுமைச் சந்துத் திட்டத்தில் முதலில் செய்தது செடி நடுவது அல்ல, தளத்தைத் தண்ணீர் உள்ளிறங்கும் விதமாக மாற்றியதுதான். கனடாவின் மாண்ட்ரியல் நகரிலோ குடியிருப்பவர்களே குழுவாகச் சேர்ந்து கேட்டு, தளத்தைக் கொத்தி எடுத்துச் செடி வைத்துச் சந்துகளைப் பிள்ளைகள் விளையாடும் இடமாக ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு ஊர்களிலும் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது: அங்கே சந்தில் ஓடுவது மழைநீர், இங்கே அங்கணத்துத் தண்ணீரும் சேர்ந்து ஓடுகிறது. சாக்கடையை மண்ணுக்குள் இறக்கினால் பக்கத்து வீட்டுக் கிணறும் ஆழ்குழாயும் கெடும். மொட்டை மாடியிலிருந்து விழும் மழைநீரைத் தனியாக இறக்கும் தொட்டிகள் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். உங்கள் முடுக்கில் அவை எத்தனை வீட்டில் மண்மூடிக் கிடக்கின்றன என்று பார்த்துத் தூர்வாருங்கள். அதுவே உங்களுக்குப் போதும்.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. வாறுகால் கொசுவும் டெங்குக் கொசுவும் ஒன்றல்ல. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அது சாக்கடையை விட்டுவிட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு ஆகியவற்றில் நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைத்தால் சுழற்சி அறுந்துவிடும். நீங்கள் செடி வைக்கப் போகிறவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்: தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்.

இனி செடிக்கும் முதல் வீட்டுப் பெரியவருக்கும் வருவோம். அவர் சொல்வதை நான் தள்ளமாட்டேன். பாம்பு செடியைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. எலி சோற்றுக் குப்பையைத் தேடி வருகிறது. இன்றைய நிலையில் பாம்புக்கு ஏற்ற இடம் உங்கள் முடுக்கில் ஒன்று இருக்கிறதென்றால், அது அந்தச் சுவரடிக் குவியலும், ஆளில்லாத வளவுக்குள் சரிந்து கிடக்கும் செங்கலும் மரமும்தான். இதை அவரிடம் வாதமாகச் சொல்லாமல், அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பிறகு அவர் கேட்கும் நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவை நல்ல நிபந்தனைகள். தரையை ஒட்டிப் புதராகப் படரும் செடி கூடாது. எந்தத் தொட்டியும் தரையில் அமராமல் செங்கல் மேலோ இரும்புச் சட்டத்தின் மேலோ நிற்க வேண்டும், அடியில் விளக்குமாறு போய்வர இடம் வேண்டும். தொட்டிகளுக்குப் பின்னால் எதையும் அடுக்கக் கூடாது. வாய்ப்பிருந்தால் அந்தப் பெரியவரையே செடிகளின் கணக்குக்குப் பொறுப்பாளராக வையுங்கள். சந்தேகப்படும் மனிதர் கவனமாகப் பார்ப்பார். அந்தக் கண் உங்களுக்குத் தேவை.

ஆறடி முடுக்கில் மரம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வேம்பும் புங்கும் பூவரசும் நல்ல மரங்கள்தான். அவற்றுக்குரிய இடம் இது இல்லை. ஆலும் அரசும் சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் தாமாகவே முளைக்கும். அந்த ஆளில்லாத வளவுச் சுவரில் இப்போதே முளைத்திருக்கும், பிஞ்சிலேயே எடுத்துவிடுங்கள். அகலத்தில் நாலரை அடி எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும்: கேஸ் சிலிண்டர் வண்டி வர வேண்டும், நோயாளியைக் கட்டிலோடு தூக்கிச் செல்ல நேரும், ஒரு நாள் ஒரு வீட்டிலிருந்து பாடையும் போக வேண்டும். ஆகவே வாறுகால் இல்லாத சுவரோரத்தில் மட்டும், முக்கால் அடி அகலத்துக்குள் அடங்கும் தொட்டிகளாக, ஒரே வரிசை.

வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள். தெற்கு வடக்காக ஓடும் முடுக்கில் உச்சி வேளையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே வெயில் இறங்கும். அங்கே கற்பூரவல்லி, வெற்றிலைக் கொடி, திப்பிலி, வல்லாரை, புதினா நன்றாக வரும். வெயில் கூடுதலாகப் படும் இடத்தில் துளசி, கறிவேப்பிலை, செம்பருத்தி, சோற்றுக்கற்றாழை. கொடி வேண்டுமென்றால் சங்குப்பூவும் முடக்கத்தானும் போதும்; ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் நேரடியாகப் படரவிடாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பி கட்டி அதில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் சுவர் ஓதம் (ஈரம்) காக்கும். அரளி வேண்டாம், பிள்ளைகள் ஓடியாடும் இடம். அதோடு, சமையலுக்குக் கைகொடுக்கும் செடிகளையே அதிகம் வையுங்கள் என்பேன். கறிவேப்பிலை பறிக்க ஒருத்தி தினமும் இரண்டு முறை முடுக்குக்கு வந்தால், அந்த இடம் இரண்டு முறை பார்க்கப்படுகிறது. பார்க்கப்படும் இடத்தில் குப்பை விழுவது குறையும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில், ஆர்வத்தில், சித்திரை மாதத்தில் இருபது கன்றுகள் வாங்கி ஒரு சந்தில் வைத்துக் கொடுத்தேன். யார் எதற்குத் தண்ணீர் விடுவது என்று பேசவில்லை. எல்லோரும் விடுவார்கள் என்று நினைத்தேன். தண்ணீரின்றிக் காய்ந்தவை போக, தப்பியவற்றை ஆனி, ஆடிக் காற்று ஒடித்தது. ஆவணியில் நான் போய்ப் பார்த்தபோது இருபது தொட்டிகளிலும் காய்ந்த குச்சிகளும் பாக்குக் கவர்களும் இருந்தன. காய்ந்த தொட்டி குப்பைத்தொட்டியாவதற்கு ஒரு வாரம்கூட ஆகாது. ஆகவே ஒரு வீட்டுக்கு இரண்டு தொட்டிக்கு மேல் வேண்டாம். தொட்டியில் வீட்டு எண்ணை எழுதுங்கள். அரிசி களைந்த தண்ணீரே அந்த இரண்டுக்கும் போதும். பெயிண்ட் வாளிகளைக் கழுவி, அடியில் துளையிட்டுப் பயன்படுத்தினால் தொட்டிச் செலவும் இல்லை. மண்சட்டிதான் அழகு என்று யாராவது சொன்னால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

உரக்குழியைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம். ஈரக்குப்பையில் சருகு போதாமல் போனாலோ, கிளறாமல் விட்டாலோ நாற்றம் எழும். எதிர்ப்பவர்களுக்கு அந்த ஒரு நாற்றம் போதும். அதுவரை ஈரக்குப்பை வண்டிக்கே போகட்டும். பீடி இலைச் சருகு சாக்கில் சேர்ந்துகொண்டிருக்கட்டும்.

பணத்துக்கு வீட்டுக்கு வீடு சமமாக வசூலிப்பதை நான் விரும்புவதில்லை. முடிந்தவர் பணமாகவும் முடியாதவர் வேலையாகவும் கொடுக்கலாம், கணக்கை மட்டும் முடுக்குச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். வாறுகாலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்து, முடுக்கும் பொதுப்பாதையாக இருந்தால், தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டத்தின் கீழ் கேட்கலாம். மக்கள் மூன்றில் ஒரு பங்குத் தொகையைச் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும் ஏற்பாடு அது. உங்கள் மாமன்ற உறுப்பினரையும் மண்டல அலுவலகத்தையும் சேர்ந்தே அணுகுங்கள். போகும்போது அந்த மஞ்சள் தண்ணீர்க் குறிப்புகளின் படத்தை எடுத்துச் செல்லுங்கள். "தண்ணீர் நிற்கிறது" என்று வாயால் சொல்வதைவிட, எந்த வீட்டெதிரே எத்தனை அடிக்கு நிற்கிறது என்று காட்டும் படத்துக்குப் பதில் விரைவில் வரும்.

முடுக்கு வாயிலுக்கு ஒரு விளக்கு முதலில் வேண்டும். சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் போட்ட ஓடுகளைச் சுவரில் பதிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதை நீங்கள் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கும்பிடும் தெய்வத்தைக் காவலுக்கு நிறுத்துவது எனக்கு மனம் ஒப்பாத காரியம், வழிப்போக்கனும் இரண்டடி தள்ளிப் போவானே தவிர நிறுத்தமாட்டான். சுவரைக் கழுவி வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, முதல் வீட்டுப் பெரியவர் மாலை நேரத்தில் உட்கார ஒரு கல்பலகையை அங்கே போடுங்கள். ஆள் உட்காரும் இடத்தில் யாரும் நின்று கழிப்பதில்லை.

இப்போது புரட்டாசி பாதி ஆகிவிட்டது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் வாறுகால் வேலை முடிய வேண்டும். செடிகளை முதல் மழைக்குப் பிறகு, மண் குளிர்ந்ததும் வைத்தால் ஆடிக் காற்று வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஆகவே இந்த வாரம் நோட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தண்ணீரும். தண்ணீர் எந்தெந்த வீட்டெதிரே நின்றது, முடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். கொத்தனாரிடம் கொடுக்க வேண்டிய அளவுகளைக் கணக்கிட்டு, மழைக்கு முன் உங்களுக்குக் கிடைக்கும்படி அனுப்பிவைக்கிறேன்.